நாலு அலை

காலைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்கோங்க டீச்சர், அந்தப் பை இடிக்கும். ஆமா, நடைவழியில வெள்ளிக் கலர்ல நீட்டிக்கிட்டுக் கிடக்கே, அது எங்களுதுதான். உள்ள பொணம் எதுவும் இல்ல, பயப்படாதீங்க. கடல் அலை மேல ஏறி நிக்கறதுக்கான பலகை. சர்ஃபிங் போர்டுன்னு சொல்வாங்க. கண்டக்டர் தம்பி ஏறும்போது ஒரு பாட்டம் திட்டினான், இப்ப அவனே தாண்டித் தாண்டிப் போகப் பழகிட்டான். கடைசி சீட்ல வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறாரே, புருவத்துல பிளாஸ்திரியோட, அவருதான் என் வீட்டுக்காரர். புகழேந்தின்னு பேரு. சென்னைத் துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர்.

பிளாஸ்திரியைப் பாக்கறீங்க. நான் அடிக்கல. நான்தான் அடிச்சேன்னும் சொல்லலாம். சொல்றேன், கொழும்பு போய்ச் சேர நேரம் கிடக்கு, இன்னும் மொனராகலையே வரல. நீங்க மகளைப் பாக்கப் போறீங்க, சந்தோஷமாப் போறீங்க. நான் அலுத்துப் போய் வர்றேன். ஒரு நாள் அலுப்பில்ல டீச்சர், பதினாறு வருஷ அலுப்பு.

அவருக்கு நாப்பத்தஞ்சு வயசுல வந்த வியாதி இது. ஆபீஸ் ஆளுங்களோட கோவளம் கடற்கரைக்கு பிக்னிக் போனார். அங்க மீன்காரப் பசங்க பலகையில நின்னு விளையாடுறதைப் பாத்துட்டு, நானும் ஒரு தடவைன்னு படுத்தார். அவ்வளவுதான். திரும்பி வந்தது வேற ஆள். மத்த பொம்பளைங்களுக்குப் புருஷன் குடிக்கிறான், சீட்டாடுறான்னு குறை இருக்கும், நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம். நான் எதைச் சொல்லி அழறது? 'என் புருஷன் அலையில ஏறுறார்'னு சொன்னா சிரிக்கிறாங்க.

அப்புறம் வெளிநாடு. பாலி போயிருக்கோம், மாலத்தீவு போயிருக்கோம், பிலிப்பைன்ஸ்ல ஏதோ ஒரு தீவு, பேரு வாயில வராது. நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன். கூட வேலை பாக்கறவங்க, 'உனக்கென்ன திலகவதி, வருஷா வருஷம் ஃபாரின்'ம்பாங்க. நான் பாத்த ஃபாரின் என்ன தெரியுமா? ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு, ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு. எந்த நாடானாலும் அந்த மூணையும் காவல் காத்துக்கிட்டு மண்ணுல உக்காந்திருந்தேன். பாலியில அவ்வளவு கோயிலாம். ஒரு கோபுரத்தைக்கூட நான் கண்ணால பாக்கல.

ரூம்லயே படுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்படிப் படுக்கறது? தலை தண்ணிக்குள்ள போனா வெளிய வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. அந்த மனுஷன் கரைப்பக்கம் ஒரு தடவையாவது திரும்பிப் பாப்பாரா? மாட்டார். நான் ஒருத்தி இருக்கேங்கறதே வெளிய வந்து துண்டைக் கேக்கும்போதுதான் ஞாபகம் வரும். 'பாத்தியா திலகா?'ம்பார். 'பாத்தேன், பாத்தேன்'ம்பேன். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது டீச்சர். பிடிக்கவும் பிடிக்காது.

ஆனா ஒண்ணு உங்களுக்குச் சொல்லிரணும், அப்பத்தான் மத்தது புரியும். அலை முதல்ல ஒரு இடத்துல உடையும். அந்த இடத்துக்கு யார் ரொம்பக் கிட்ட இருக்காங்களோ அந்த அலை அவங்களோடது. ஒரு அலைக்கு ஒரே ஆள். இன்னொருத்தன் குறுக்க ஏறினா அது பெரிய மரியாதைக் குறைவு, கைகலப்பே ஆயிடும். எழுதி ஒட்டி வைக்கல, ஆனா எந்த நாட்டுக்குப் போனாலும் இதே சட்டம்தான். அதனால போட்டி என்னன்னா, அந்தக் கிட்ட இடத்தைப் பிடிக்கறது. பலகையில குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் துடுப்பாப் போட்டு, ஒருத்தனை ஒருத்தன் முந்தணும். நம்மூர்ல பஸ் நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கறாங்களே, அந்த மாதிரிதான். உங்க அறுகம்பேல பாறை முனையில உடையற அலை கரையை ஒட்டியே ரொம்ப தூரம் ஓடி வரும். மேக்குக் காத்து லேசா இருந்தா விளிம்பு கிழியாம கண்ணாடி மாதிரி வரும். காலையில ஒம்பது மணிக்கு மேல காத்து மாறிட்டா சொதசொதன்னு ஆயிடும், அதுக்கப்புறம் போறவன் முட்டாள். இதெல்லாம் சும்மா உக்காந்திருந்ததுல காதுல விழுந்தது.

முதல் வருஷம் இங்க வந்தப்போ அஸ்மத்னு ஒருத்தன். அப்ப அவனுக்கு இருபத்திரண்டு இருக்கும், கல்யாணம் ஆன புதுசு. உல்லையில, அதான் அறுகம்பே கரை ஊர்லயே, பிறந்து வளர்ந்தவன், முனையில அவன் வச்சதுதான் சட்டம். இவர் எந்த அலையில ஏறினாலும் குறுக்க வருவான். 'இந்தியாவில கடல் இல்லையா, இங்க என்னத்துக்கு வந்த?'ன்னு கத்துவான். பாலியில திட்டினா இவருக்குப் புரியாது, சிரிச்சுக்கிட்டே வந்துருவார். இங்க ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது. இவரும் விடல. துறைமுகத்துல பழகின வாய். தண்ணிக்கு மேல வந்த வார்த்தைகளை உங்ககிட்ட நான் சொல்ல முடியாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பகல்ல போனா, கடல் காலியாக் கிடக்கு. ஒருத்தனையும் காணோம். இவருக்கு ஒரே பெருமை. 'பாத்தியா, பயந்துட்டானுங்க'ன்னார். எனக்குப் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னது கேட்டுது, ஜும்மாவுக்குப் போயிருக்காங்கன்னு தெரிஞ்சுது. சொன்னேன். அதைக் காதுல வாங்கற ஆளா? ஒத்தையாப் போனார். காலையும் பலகையையும் சேத்து ஒரு கயிறு கட்டியிருப்பாங்க. அந்தக் கயிறு பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு. அலை வந்து வந்து அமுக்குது, இவர் கை மட்டும் மேல தெரியுது. நான் ஓடினேன் டீச்சர். செருப்பு போச்சு, துண்டு போச்சு. பள்ளிவாசல் வாசல்ல நின்னு கத்தினேன். அப்பத்தான் தொழுகை முடிஞ்சு வெளிய வர்றாங்க. யாருன்னு பாக்காம முதல்ல ஓடி வந்தவன் அஸ்மத்தான். வெள்ளை ஜுப்பாவோட அப்படியே குதிச்சான். கயித்தை அறுத்து, இவரைத் தோள்ல போட்டு இழுத்துட்டு வந்து மண்ணுல கிடத்தினப்போதான் அவனுக்கே தெரியுது, யாரைக் காப்பாத்தியிருக்கோம்னு. 'நீதானா?'ன்னான். இவர் தண்ணியைக் கக்கிக்கிட்டே சிரிச்சார்.

அதுலேர்ந்து ஒட்டிக்கிட்டாங்க. 'காக்கா, காக்கா'ன்னு உயிரை விடுவான். அண்ணனைத்தான் இந்தப் பக்கம் அப்படிக் கூப்பிடுவாங்கன்னு எனக்குப் புரியவே ரெண்டு நாள் ஆச்சு. இப்ப அவனுக்குக் கரையில ரொட்டிக் கடை இருக்கு, பின்னாடி உடைஞ்ச பலகை ஒட்டுற பட்டறை இருக்கு. வெள்ளிக்கிழமை பகல்ல இவர் தண்ணியில காலே வைக்க மாட்டார். அஸ்மத் ஜும்மா முடிச்சு வர்ற வரைக்கும் இவர்தான் கடையைப் பாத்துக்கறது. மாவு பிசையறேன்னு பிசைவார், ரொட்டி செருப்பு மாதிரி வரும். ஊர்ப் பசங்க 'காக்காட ரொட்டி'ன்னு கேலி பண்ணிக்கிட்டே திம்பாங்க. அவருக்கு அங்க அவ்வளவு உறவு. எனக்கு யாரைத் தெரியும் சொல்லுங்க? அஸ்மத் பொண்டாட்டி ஜெஸீமாவைத் தெரியும். நனைஞ்சு போன ஜுப்பாவுக்கு பதிலா மறு வருஷம் திருவல்லிக்கேணியில ஒண்ணு எடுத்துட்டு வந்து குடுத்தேன், அதுல ஆரம்பிச்சது. அவ மாமியாரோட சக்கரை மாத்திரையை நான்தான் பாத்துச் சொல்வேன். ரெண்டாவது புள்ளைக்கு அவளுக்கு வலி எடுத்தப்போ வண்டி வர்ற வரைக்கும் நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், அந்தப் புள்ளையை இன்னிக்கும் 'ராத்தாட புள்ள'ன்னுதான் கூப்பிடறாங்க. ராத்தான்னா அக்கா, அது நான்தான். மத்தபடி அந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் இவருக்கு இடது தோள்ல தசைநார் கிழிஞ்சு போச்சு. ஆபரேஷன். டாக்டர் சொன்னார், வாளி தூக்கலாம், சட்டை போடலாம், இந்த விளையாட்டெல்லாம் யோசிச்சுக்கோங்கன்னு. மனுஷன் வீட்டுக் கேட்டுல ரப்பர் பட்டையைக் கட்டி வச்சு இழுத்துக்கிட்டே இருந்தார். காலையில இழுப்பார், சாயங்காலம் இழுப்பார். கேட் ஆடி ஆடிக் கீல் கழண்டு போச்சு. மே மாசம் வந்ததும் என் முகத்தைப் பாக்கறார், காலண்டரைப் பாக்கறார்.

நான் ரெண்டு பேச்சு பேசல. 'வர்றேன். கரையில உக்காந்து பாப்பேன். உங்களால முடியலன்னு என் கண்ணுக்குத் தெரிஞ்சா அன்னையோட சரி. பலகையைத் தொடக்கூடாது, அப்புறம் எந்த ஊரும் கிடையாது. எனக்கு நீங்க வேணும்'னேன். கடைசியில சொன்னது வாய் தவறி வந்துச்சு. அவர் அதைக் கவனிக்கலன்னு நினைக்கிறேன். 'நீ சொல்றதுதான் தீர்ப்பு'ன்னார்.

வந்து இறங்கின நாள் வெள்ளிக்கிழமை. நேரா ரொட்டிக் கடைக்குப் போயிட்டார். மறுநாள் காலையில தண்ணிக்குள்ள போனார். நான் எப்பவும் உக்கார்ற இடத்துல உக்காந்தேன். பாத்தா, முதல் அலையே இவருக்கு. ஏறினார், நின்னார், கரை வரைக்கும் வந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. நாலு அலை பிடிச்சுட்டு வெளிய வந்துட்டார். 'பாத்தியா திலகா?' முகம் எல்லாம் பல்லு. 'பாத்தேன்'னேன். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்.

அடுத்த நாளும் நாலு. அதுக்கு அடுத்த நாளும் நாலு. மூணாவது நாள்தான் நான் இவரை விட்டுட்டு மத்தவங்களைப் பாத்தேன். பாறை முனையில பத்துப் பன்னெண்டு பசங்க பலகை மேல உக்காந்திருக்கானுங்க. நல்ல அலை ஒண்ணு எழும்பி வருது, ஒருத்தனும் கையைத் தண்ணியில வைக்கல. ஒருத்தன் மலையைப் பாக்கறான். ஒருத்தன் முதுகைச் சொறியறான். இவர் மட்டும் கையைப் போட்டுக்கிட்டுப் போறார். பந்தியில பத்து பேர் பசியோட உக்காந்திருக்க, ஒரே ஒரு இலைக்கு மட்டும் பரிமாறின மாதிரி இருந்துச்சு டீச்சர். அஸ்மத்தும் அங்கதான் இருக்கான். அன்னிக்கு உயிரே போனாலும் விட மாட்டேன்னு குறுக்க வந்தவன், இப்பக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் புருஷனுக்குப் பிச்சை போடறானுங்களேன்னு இருந்துச்சு. அதைக்கூடத் தாங்கிக்கலாம். இந்த மனுஷன் அது தெரியாம, வெளிய வந்து 'இன்னிக்கு என் முன்னாடி ஒருத்தனும் நிக்கல பாத்தியா'ன்னு சொல்றார் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. சொன்னா உடைஞ்சு போவார். சொல்லலன்னா அடுத்த வருஷம் அஸ்மத் இல்லாத ஏதாவது ஒரு ஊருக்குக் கிளம்புவார். இந்தோனேசியாவுக்குன்னு ஏற்கெனவே போன்ல படம் பாத்துக்கிட்டு இருக்கார். அங்க எவன் வழி விடுவான்? அடியில பவளப்பாறை, கத்தி மாதிரி இருக்கும்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரமாப் பாத்து ரொட்டிக் கடைக்குப் போனேன். ஜெஸீமா தேங்காய் துருவிக்கிட்டு இருக்கா. அஸ்மத் அடுப்புக்கிட்ட. நேராவே கேட்டேன்.

"ஏன்டா அஸ்மத், உன் காக்காவுக்கு எதுக்குடா அலை விடுற?"

அவன் திரும்பவே இல்ல. "யாரு ராத்தா விடுற? காக்கா நல்லாப் புடிக்கிறார்."

"பொய் சொல்லாத. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாளைக்குக் கடைசி நாள். நாளைக்கு ஒருத்தனும் விடக்கூடாது. நீ அன்னிக்கு எப்படி வந்தியோ அப்படி வா. அவரு எங்க நிக்கறாருன்னு அவருக்கே தெரியட்டும்."

"ஏலா ராத்தா."

"ஏன் ஏலாது?"

அவன் கரண்டியால கல்லைச் சுரண்டிக்கிட்டே இருக்கான். ஜெஸீமாவுக்குத்தான் பொறுக்கல. "சொல்லுங்களேன். ராத்தாட்டயும் மறைச்சு, காக்காட்டயும் மறைச்சு, எத்தின நாளைக்கு?"ன்னா.

அப்புறம் அவன் சொன்னான். "காக்காதான் ராத்தா கேட்டவர். வந்த அண்டைக்கே. ஜும்மா முடிஞ்சு வாறன், மாவு பிசைஞ்சிட்டு நிக்கிறார். என்ட மொகத்தப் பாக்கவே இல்ல. 'ஒரு நாளைக்கு நாலு அலை போதும் அஸ்மத். திலகா பாத்துட்டு இருப்பா. அவ கண்ணு முன்னால நான் விழக்கூடாது' எண்டார். பதினாறு வருஷத்தில காக்கா என்னட்ட ஒண்டும் கேட்டதில்ல. பொடியன்மார் ஒவ்வொருத்தன்ட வீட்டுக்கும் போய் நான்தான் சொன்னேன்."

பாத்தீங்களா டீச்சர்? பாத்தீங்களா அழுத்தத்தை? முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவளை ஏமாத்தறதுக்கு ஒரு ஊரையே கூட்டு சேத்திருக்கார். நான் என்னவோ தெரியாத மனுஷன், பாவம்னு உருகிக்கிட்டு இருக்கேன், அவர் எல்லாம் தெரிஞ்சே நாடகம் ஆடியிருக்கார். அதுலயும் கணக்கா நாலு அலையாம். அஞ்சாவது கேட்டா நான் சந்தேகப்படுவேன்னு அதுவும் தெரிஞ்சிருக்கு. அப்படி ஒரு கோவம் எனக்கு. கோவத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஜெஸீமா எதுக்கோ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. புகைன்னு சொன்னேன்.

"அவர் கேட்டார், நீ செஞ்ச. இப்ப நான் கேக்கறேன். நாளைக்கு நிஜத்தைக் காட்டு"ன்னேன்.

"கை ஏலாத மனிசனோட நான் எப்பிடி ராத்தா போட்டிக்கு நிக்கிற?"

"ஏலுதா ஏலாதான்னு நீ சொல்லாத. பாத்துச் சொல்றதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

அவன் கரண்டியைக் கீழ வச்சான். "நீங்க ரெண்டு பேரும் என்னைப் போட்டு உருட்டுறீங்க"ன்னான். சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

மறுநாள் காலையில, அதாவது இன்னிக்குக் காலையில, தண்ணி நல்லா இருந்துச்சு. என் தலை மட்டத்துக்கு அலை. இவர் சாவகாசமாப் போய்ச் சேர்ந்தார், மாப்பிள்ளை மாதிரி. முதல் அலை வந்துச்சு, கையைப் போட்டார். அதுக்குள்ள ஒரு பையன் முந்திட்டான். இவர் நின்னு அஸ்மத்தைப் பாத்தார். அஸ்மத் கடலைப் பாத்தான். அடுத்தது வந்துச்சு, அதையும் இன்னொருத்தன் கொண்டு போயிட்டான். அடுத்ததை அஸ்மத்தே எடுத்துக்கிட்டான். இவருக்கு அப்பப் புரிஞ்சிருக்கும். என்ன புரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. நான்தான் சொல்லிவிட்டேன்னு நினைச்சாரோ, அஸ்மத்துக்கே அலுத்துப் போச்சுன்னு நினைச்சாரோ.

நான் பாக்க வேண்டியதைப் பாத்தேன் டீச்சர். வலது கை முழுசாப் போகுது, இடது கை பாதியிலயே தண்ணியில விழுது. ஒவ்வொரு தடவையும் ஒரு கை தூரம் பிந்திப் போறார். ஆஸ்பத்திரியில எத்தனை தோளைப் பாத்திருப்பேன். இனிமே அது அவ்வளவுதான். அலை அவருக்கு அடியில போயிருது, அவர் பின்னாடி நிக்கறார். மறுபடியும் சுத்தி வளைச்சுப் போறார், மறுபடியும் நிக்கறார். வந்துருங்க, போதும் வந்துருங்கன்னு நான் கரையிலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன். என் பேச்சை எப்பக் கேட்டிருக்கார்? ரெண்டு மணி நேரம் ஒரு அலைகூடக் கிடைக்காம சுத்திக்கிட்டே இருந்தார்.

காத்து மாறப் போற நேரம். திடீர்னு இவர் கூட்டத்தை விட்டுட்டுப் பாறைக்கு உள்பக்கமாப் போனார். அங்க யாரும் போக மாட்டாங்க, அடியில கல்லு. எனக்குத் தெரிஞ்சு போச்சு, பாறையில மோதித் திரும்பற தண்ணி அங்க ஒரு சின்ன மேடு கட்டும், அந்த மேட்டுல படுத்தா அலையே தூக்கி விட்டுரும், கை வேண்டாம். பதினாறு வருஷத்துல அதை அவர் ஒருத்தர்தான் கண்டுபிடிச்சிருக்கார். அலை வந்து தூக்குச்சு. முட்டியை ஊனினார், தடுமாறினார், எந்திரிச்சு நின்னார். யாரும் விடல டீச்சர், அவரே எடுத்தது அது. நான் வாய் விட்டுக் கத்திட்டேன்.

அஸ்மத் குறுக்க வந்தான்.

நான்தானே சொன்னேன், வான்னு. வந்துட்டான். அந்த முதல் வருஷம் மாதிரியே, மேலேருந்து வெட்டிக்கிட்டு இறங்கினான். இவர் பலகை தட்டி, தலைகீழா விழுந்து, ரெண்டு பேரும் நுரைக்குள்ள காணாமப் போயிட்டாங்க. எனக்கு மூச்சு நின்னு போச்சு. முதல்ல பலகை வந்துச்சு, அப்புறம் அஸ்மத் தலை. அப்புறம் இவர் தலை, புருவத்துல ரத்தத்தோட. வந்த வேகத்துல இவர் வாயைத் திறந்தார் பாருங்க, அந்தத் துறைமுகத்து வாய்! கரை வரைக்கும் கேட்டுது. அவனும் பதிலுக்குக் குடுத்தான். 'இந்தியாவுக்குப் போ'ன்னு கத்தறான், கத்திக்கிட்டே இவர் ரத்தத்தைக் கையால துடைக்கிறான். பசங்க எல்லாம் பலகை மேல வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கானுங்க.

இவர் கரைக்கு வந்தார். நடக்கலை, ஓடி வர்றார். "திட்டினான் திலகா! அந்தக் காலத்துல திட்டின மாதிரியே திட்டினான்! என் அலை அது, நான் எடுத்தது, அதுல ஏறிட்டு என்னையே திட்டறான்!" அப்படி ஒரு சிரிப்பு. வந்த நாள்லேருந்து அந்த நாலு நாலு அலைக்கும் சிரிச்சாரே, அதெல்லாம் சிரிப்பே இல்லன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்துச்சு, தீர்ப்பு சொல்றதுக்குன்னு ஒருத்தி உக்காந்திருக்கான்னு. சிரிப்பு அப்படியே இறங்கிப் போச்சு. இடது கை தொங்குது, அதை வலது கையால பிடிச்சுக்கிட்டு நிக்கறார். ரிசல்ட் பாக்க வந்த பையன் மாதிரி.

"பாத்தியா?"ன்னார்.

எப்பவும் கேக்கற வார்த்தைதான். ஆனா இந்தத் தடவை அவர் கேட்டது வேற.

ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும் டீச்சர். பாத்தேன், முடிஞ்சுதுன்னு சொன்னாப் போதும். அவர் ஒத்துக்கிட்டிருப்பார், வார்த்தை மீற மாட்டார். அப்புறம் எனக்கு வெயில் இல்ல, மண்ணு இல்ல, இந்தப் பஸ்ஸு இல்ல. ஆசைப்பட்டா பாலிக்குப் போய் அந்தக் கோயிலைப் பாத்துட்டு வரலாம். இத்தனை வருஷமா நான் காத்துக்கிட்டு இருந்த வார்த்தை அது. நாக்கு நுனியில நிக்குது.

"எங்கங்க பாத்தேன்? ஜெஸீமாவோட பேசிக்கிட்டு இருந்துட்டேன். நான் ஒண்ணையும் பாக்கல"ன்னேன்.

ஜெஸீமா எங்க இருந்தா அங்க? அவ கடையில இருக்கா. என் பக்கத்துல ஒரு நாய்தான் படுத்திருந்துச்சு. அவர் நாயைப் பாத்தார். என்னைப் பாத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் பையில பஞ்சைத் தேடினேன்.

"அப்ப சரி. அடுத்த வருஷம் பாரு"ன்னார்.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. 'பாக்கறேன்'னு சொல்லித் தொலைச்சுட்டேன் டீச்சர்.